கிடை மடக்கிய நிலம்

யாராவது காகிதத்தை நீட்டினால் தங்கதுரையின் கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். "அடடா, கண்ணாடிய வூட்லயே வச்சிட்டு வந்துட்டனே" என்பார். பதினைந்து வருடமாக அவர் நிலத்தில் களையெடுக்கும் பெரியம்மாள் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். கண்ணாடி எப்போதும் அவர் வண்டியின் முன்பெட்டியில் கிடக்கும். சங்கராபுரம் டீக்கடையில் ஓசிப் பேப்பர் கிடைத்தால் மட்டும் மூக்கில் ஏறும். ஏழு ஏக்கர்க்காரர், ஒரு கையெழுத்துக்கு இப்படி ஒளிந்து திரிந்தார்.

சாண் நிலமில்லாத பெரியம்மாளுக்குச் சொந்தமாக ஒரு வெள்ளாமை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. ஏரியோரம் அவருடைய ஒன்றரை ஏக்கர் தரிசாகக் கிடந்தது. மரவள்ளி வைக்க மூன்று வருடக் குத்தகைக்குக் கேட்டாள்.

"மூணு வருசமா? ஜாஸ்தியாச்சே."

"மண்ணு செத்துக் கெடக்குதுங்க ஐயா. தேத்தவே ஒரு வருசம் ஆயிடுங்க."

"சரி சரி, மொதல்ல கெடைய மடக்கு."

அந்தப் பக்கத்தில் எருவுக்காக ஆட்டுக்கிடை மடக்கச் சொன்னால் நிலத்தைக் கொடுத்தாயிற்று என்றுதான் அர்த்தம். அடுத்தவன் நிலத்துக்கு யார் எரு போடுவார்கள்? ஆனாலும் பெரியம்மாள் காகிதம் எழுதிக்கொண்டு போனாள். கண்ணாடி வீட்டில் இருந்தது.

கிடைக்காரர் பாவாடையின் ஆடுகள் எட்டு ராத்திரி அங்கே படுத்தன. அதற்கு ஈடாக அவளும் புருசனும் பாவாடையின் கரும்பில் பத்து நாள் காய்ந்த சோகை உரித்தார்கள். கை முழுக்கக் கீறல்.

ஒரு மழை பெய்ததும் மரவள்ளிக் குச்சிக் கட்டோடு போனாள். நிலத்தில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. தங்கதுரை வரப்பில் நின்றார்.

"இன்னாங்க இது?"

"கெடைய மடக்குன்னுதான் சொன்னேன். பயிர் வைன்னு சொன்னனா? பேச்சே இன்னும் முடியலியேம்மா."

பால் சொசைட்டி வாசலில் நாலு பெரியவர்கள் முன்னால் ஞாயம் வைத்தாள்.

"காயிதத்தப் படிக்காம எப்டி ஒத்துக்கறது? கண்ணாடி வேற இல்ல" என்றார் அவர்.

பெரியம்மாள் நேராகப் போய் வண்டிப் பெட்டியைத் திறந்தாள். கண்ணாடியை எடுத்துவந்து காகிதத்தின்மேல் வைத்தாள்.

பால் ஊற்ற வந்த தங்கமணி சிரித்துவிட்டாள். "பதினஞ்சு வருசமா தேடிக்கினு இருந்தீங்களே, கெடச்சிடுச்சி பாருங்க!"

தங்கதுரை அதை மாட்டிக்கொண்டு படித்தார். நாலே வரி. எழுத்துக் கூட்டுகிற பிள்ளைபோல நேரம் எடுத்தார்.

"மூணு வருசம்னு போட்டிருக்குது. மூணுக்கு நான் எப்ப ஒத்துக்கினேன்?"

பெரியவர்களுக்கு அந்த நேரம் பார்த்து மாட்டுக்குத் தண்ணி காட்டும் வேலை ஞாபகம் வந்தது. நாலு பேர் கரும்புக்கும் தண்ணீர் பாய்வது தங்கதுரை கிணற்றிலிருந்துதான்.

ஏரியோர நிலத்தில் இப்போது அவருடைய மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கிறது. அதில் களையெடுக்க உள்ளூர்ப் பெண்கள் போவதில்லை. வெள்ளிமலையிலிருந்து வேன் வைத்து ஆள் கொண்டுவருகிறார். பெரியம்மாள் பச்சமுத்து என்பவரின் அரை ஏக்கர் மானாவாரியைக் குத்தகைக்கு எடுத்து மரவள்ளி வைத்திருக்கிறாள். அங்கே கையெழுத்து விழுந்த பிறகுதான் ஆடுகள் இறங்கின.