கலைமகள் பார்த்த நாற்று

என் தங்கை கலைமகள் கோயமுத்தூரில் நாலு வருடமாக ஒரே ஒரு பாக்டீரியாவைக் கட்டிக்கொண்டு மாரடித்தவள். தக்காளிச் செடியை வாடவைத்துச் சாகடிக்கும் பாக்டீரியா அது. எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் பனியன் கம்பெனியில் கால் கடுக்க நின்று பீஸ் செக்கிங் பண்ணுகிறேன். இவள் கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பார்த்துப் பெரிய பட்டம் வாங்கப் போகிறாளாம்.

"அது அப்படி என்னதான் பண்ணுது அம்மணி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உள்ள பூந்ததும் ஒண்ணும் பண்ணாதுங்கண்ணா. ஒவ்வொண்ணும் ஒரு பொருளைக் கசிய விட்டுட்டே இருக்கும். கொஞ்சமா இருக்கறப்ப, நோயைக் கொண்டுவர்ற ஜீனெல்லாம் அடங்கிக் கெடக்கும். கூட்டம் பெருகி அந்தப் பொருளும் சேர்ந்துருச்சுன்னா, எல்லாத்துலயும் ஒரே சமயத்துல ஜீன் முழிச்சுக்கும். பசையைக் கக்கி, செடிக்குள்ள தண்ணி போற குழாயை அடைச்சுப் போடும். இலை பச்சையா இருக்கறப்பவே செடி தொங்கிரும்."

"எங்க கம்பெனி ஸ்ட்ரைக் மாதிரியே இருக்குது. ஆள் சேர்ற வரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்" என்றேன். சிரித்தாள்.

அது 2007. பல்லடத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தை, ஷெட் போட எங்கள் முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். விற்றுவிடலாம் என்று அப்பா கிட்டுசாமியை நான்தான் நச்சரித்தேன்.

"இந்த ஒரு வெள்ளாமை பாத்துப்போடறேன். போச்சுன்னா குடுத்தர்லாம்" என்றார் அப்பா.

நர்சரியிலிருந்து தக்காளி நாற்று வந்த ஞாயிற்றுக்கிழமை கலைமகள் வீட்டில் இருந்தாள். அப்பா பிறந்ததிலிருந்து யாரிடமும் யோசனை கேட்காத மனிதர். அன்றைக்கு ஒரு நாற்றை எடுத்து அவள் கையில் கொடுத்து, "எப்படிக் கண்ணு இருக்குது?" என்றார்.

அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. இலையைத் திருப்பிப் பார்த்தாள், வேரைப் பார்த்தாள். "அருமையான நாத்துங்கப்பா" என்றாள். அன்றைக்கே நட்டோம்.

பூ விட்ட சமயத்தில், மத்தியான வெயிலில் ஒரு செடி தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அப்பா வாய்க்காலை நிறையத் திறந்து விட்டார். அந்தத் தண்ணீரே நோயைச் செடி செடியாகக் கொண்டு சேர்த்தது. ஒரே வாரத்தில் பாதித் தோட்டம் படுத்துவிட்டது.

கலைமகளை வரச் சொன்னேன். ஒரு தண்டை வெட்டி, டம்ளர் தண்ணீரில் நுனி படும்படி பிடித்தாள். தண்டிலிருந்து பால் மாதிரி ஒரு நூல் இறங்கியது. "நான் படிக்கற அதே பாக்டீரியாதானுங்க" என்றாள்.

"இதுக்கு என்ன மருந்து சாமி?" என்றார் அப்பா.

"மருந்து இல்லீங்கப்பா."

"நாத்துல நீ பாத்தப்ப இல்லையா?"

அவர் குத்திக் காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டார்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது என்னிடம் சொன்னாள். "அப்பவே உள்ள இருந்துருக்கும். கொஞ்சமா இருந்தா வெளிய ஒண்ணுமே தெரியாது. இதைத்தானுங்கண்ணா நாலு வருசமாப் படிக்கறேன்! பத்து நாத்தை லேபுக்குக் கொண்டுபோயிருந்தா மூணு நாள்ல தெரிஞ்சிருக்கும். சொல்லியிருந்தா அப்பா பொறுத்திருப்பாரு. அவரு எங்கிட்டக் கேட்டாருங்கற சந்தோசத்துல, கண்ணால பாத்தே சொல்லிப்போட்டேன்."

நான் நினைத்தபடியே தோட்டம் கைமாறியது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது, என் வாயை நானே சபித்துக்கொண்டேன். இப்போது அங்கே எழும்பிய ஷெட்டில்தான் நிற்கிறேன். எந்த டேபிள் எந்தப் பாத்தியின் மேல் இருக்கிறது என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

கலைமகள் பட்டம் வாங்கினாள். அடுத்த பொங்கலுக்கு வந்தபோது, அப்பா வீட்டுக்குப் பின்னால் நாலைந்து மிளகாய் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுக்கக் கை நீட்டினாள்.

அப்பா நாற்றை மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"நீ எதுக்குக் கண்ணு? கையெல்லாம் மண்ணாயிரும். உள்ள போயி உக்காரு" என்றார்.

கலைமகள் எழுந்து, மண்ணே படாத கையைக் குழாயடியில் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.