ஒரு வாளி தொட்டித் தண்ணீர்

போன வருஷம் ஐப்பசி கடைசியில், தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் நடந்தது இது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் படித்தால் அவர்களுக்கே தெரியும். மற்றவர்கள் தங்கள் ஊர்தான் என்று நினைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

அப்போது நான் ட்ரோன் மூலம் வயலுக்கு மருந்தடிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால் எனக்கே ஒழுங்காகச் சொல்ல வராது. இயற்பியல் படித்து முடித்தேன். அம்மா ஆசைப்பட்டதால் அரசுத் தேர்வுக்குக் கோச்சிங் போனேன். தோழி கூப்பிட்டாள் என்று சென்னைப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தேன். அங்கே ஜன்னலே இல்லை, ஓடி வந்துவிட்டேன். “அடுத்து என்னம்மா?” என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவேன். அப்புறம் ஒரு நாள் ஒரு வயல்வெளியில் ஒரு பெண் ட்ரோனைப் பறக்கவிடுவதை நேரில் பார்த்தேன். அவ்வளவுதான், அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பயிற்சி முடித்து லைசென்ஸும் வாங்கினேன். நிறுவனத்திலோ போன் எடுத்துப் பேசும் வேலையில் உட்காரவைத்தார்கள். நச்சரித்து நச்சரித்துத்தான் பறக்க அனுமதி வாங்கினேன்.

நான் தனியாகப் பறக்கவிடும் முதல் நாள் அது. முந்தின நாளே மேனேஜர் சொல்லியிருந்தார்: “நாளைக்கு நல்லபடியா முடிச்சிட்டா இந்த சம்பா முழுக்க நீதான் பைலட். இல்லைன்னா திரும்பப் போன்தான்.”

காலையில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ட்ரோனை ஏற்றிக்கொண்டு போனோம். வண்டி ஓட்டிய அண்ணன் அதிராம்பட்டினத்துக்காரர். நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாது. வழியெல்லாம் என்னை “கேப்டன்” என்று கூப்பிட்டு வெறுப்பேற்றிக்கொண்டே வந்தார்.

வயலுக்குச் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டிய பெரியவர். சிங்கப்பூரில் இருக்கும் மகன்தான் அங்கிருந்தபடியே எங்களைப் பதிவு செய்திருந்தார். “வாங்க மேடம், வாங்க வாங்க! இந்த வயசுலயே பைலட்டா!” என்று பெரியவர் நாற்காலி எடுத்துப் போட்டார். கையில் ரிமோட்டோடு நான் எல்லை அளக்க வரப்பில் நடந்தபோது, “வழுக்கும் மேடம், பார்த்து” என்று பின்னாலேயே வந்தார். இலைச்சுருட்டுப் புழு விழுந்து, பயிர் அங்கங்கே வெளுத்துக் கிடந்தது. சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறோம் என்று எனக்கு ஒரே உற்சாகம்.

“மேடத்துக்கு எந்த ஊரு?”

சொன்னேன். வடிகாலைத் தாண்டினால் எங்கள் ஊர்.

“அட, பக்கத்துல! அங்க எந்தத் தெரு?”

அதையும் சொன்னேன். சொல்வதில் எனக்கென்ன தயக்கம்?

“யாரு மக?”

அம்மா பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துபோனது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டார். “அடடே, நம்ம வயல்ல நடவு நடுறவ மகளா நீ! ஏய், இங்க வாங்கடா, நம்ம பொண்ணு ஏரோப்ளேன் ஓட்ட வந்திருக்கு பாருங்க!” வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் வந்து நின்றார்கள். ‘மேடம்’ அந்த இடத்திலேயே காணாமல் போனது. வயசில் பெரியவர், அம்மாவைத் தெரிந்தவர், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மருந்து கலக்கத் தண்ணீர் வேண்டும். ட்ரோனில் மருந்து பீய்ச்சும் நாசில் துளைகள் ரொம்பப் பொடிசு. கொஞ்சம் மண் சிக்கினாலும் அடைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் மருந்து விழும், மறுபக்கம் விழாது. வாய்க்காலில் மழைத்தண்ணீர் செக்கச்செவேலென்று கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளிப் பம்புசெட் தொட்டி. கண்ணாடி மாதிரித் தண்ணீர். வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன்.

“அம்மாடி, அங்க வேணாம். வாய்க்கால்ல மொண்டுக்க.”

“வாய்க்கால் தண்ணி கலங்கியிருக்கு சார். மெஷின் அடைச்சுக்கும்.”

“துணி கட்டி வடிகட்டிக்கயேன்.”

“வடிகட்டினாலும் வண்டல் தங்கும் சார். தொட்டியிலதான் நல்ல தண்ணி இருக்கே?”

அவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். “எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் அதெல்லாம் பார்க்கிற ஆளே இல்ல. வீட்டுல பொம்பளைங்க சாமிக்கு இதுலதான் தண்ணி எடுக்கிறாங்க. உனக்குத் தெரியாததா?”

உனக்குத் தெரியாததா! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை ஒதுக்கும் வேலையில் என்னையே கூட்டுச் சேர்க்கிறார். அதுவும் எவ்வளவு இதமான குரலில்!

“சித்திரையில இந்தத் தொட்டிய பாசி தேய்ச்சுக் கழுவுறது யாரு சார்? எங்கம்மாதானே? உள்ள இறங்கித்தானே கழுவுது?”

“அது வேலைம்மா.”

“இதுவும் வேலைதான் சார்.”

நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். பெரியவருக்கு முகம் கறுத்தது. “இப்ப எதுக்கு இவ்வளவு பேச்சு? பாய், நீங்க ரெண்டு வாளி மொண்டு ஊத்துங்க. சோலி முடிஞ்சுது.”

வண்டியில் சாய்ந்து நின்ற டிரைவர் அண்ணன் நகரவில்லை. “என்னை எந்தத் தெருன்னு கேக்கவே இல்லீங்களே?”

“உங்களுக்கென்ன பாய்!”

“அதான் எனக்கும் புரியல. சரி, கேப்டன் சொன்னா மொள்ளுறேன். நான் வெறும் டிரைவர்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்று தலையாட்டினால் போதும். இரண்டு வாளி தண்ணீர் வரும், ட்ரோன் பறக்கும், சம்பா முழுக்க நான் பைலட். வெயில் ஏறினால் காற்று கிளம்பிவிடும். அப்புறம் அடிக்கவே முடியாது. மேனேஜருக்குப் போன் போட்டேன். கூட்டத்துக்குக் கூட்டம் டிஜிட்டல் விவசாயம் என்று முழங்குகிற மனிதர், நம் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன்.

“ஃபீல்டுன்னா இதெல்லாம் இருக்கும்மா. டிரைவரை விட்டு எடுத்துட்டு வேலைய முடி. கஸ்டமர்கிட்ட போய் எதுக்கு வம்பு? காலம் மாறிக்கிட்டுதான் இருக்கு, கொஞ்சம் பொறுமையா இரு.”

யாருடைய காலம் மாறுகிறது, யாருடைய பொறுமையில் மாறுகிறது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ட்ரோனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விரித்து வைத்த அதன் கைகளை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தேன்.

“என்னம்மா இது, புழு அப்படித் தின்னுது. பயிரு என்ன பாவம் பண்ணிச்சு?” என்றார் பெரியவர்.

அது மட்டும் என்னைக் கொஞ்சம் அசைத்தது. நானும் பயிருக்கு நடுவே வளர்ந்தவள்தான். வெளுத்த இலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது லேசில்லை. “பயிரு ஒரு பாவமும் பண்ணலை சார். ‘எடுத்துக்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே அடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்.”

அவர் தொட்டியைப் பார்த்தார். வேடிக்கை பார்த்து நின்றவர்களைப் பார்த்தார். கடைசிவரைக்கும் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. புழு தின்றாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது!

திரும்பும்போது அண்ணன் ஒரு கடை வாசலில் வண்டியை நிறுத்தி, “கேப்டன் டீ குடிப்பாங்களா, இல்ல அதுக்கும் வேற தண்ணி வேணுமா?” என்றார். சிரித்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது.

வீட்டில் திட்டு விழும் என்று பயந்துகொண்டே போனேன். அம்மா முழுக்கக் கேட்டாள். “வந்தது சரிதான். அந்தத் தொட்டியில ஒரு வாளி மொண்டு காலைக் கழுவிட்டு வந்திருக்கக் கூடாதா?” என்றாள். அடுத்த சித்திரையில் தொட்டி கழுவ ஆள் கூப்பிட வந்தபோது அம்மா போகவில்லை. அம்மா போகவில்லை என்று தெரிந்ததும் எங்கள் தெருவிலிருந்து யாருமே போகவில்லை.

அந்த வயலிலிருந்து திரும்பி வந்த மறுநாளிலிருந்து நான் மறுபடி போன் எடுத்தேன். “வணக்கம் சார், நான் எப்படி உதவட்டும்?” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. சம்பா முடியும்போது ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது எங்கள் தெரு மகளிர் குழு கடன் எடுத்து வாங்கிய ட்ரோனைப் பறக்கவிடுகிறேன். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கமெல்லாம் போகிறேன். வேலைக்குக் கூப்பிடுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: தெளிந்த தண்ணீர் வேண்டும், உங்கள் தொட்டியிலிருந்து நானே எடுப்பேன். சிலர் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிடுகிறார்கள். சிலர், “இதுல கேக்க என்னங்க இருக்கு, வாங்க” என்கிறார்கள். இந்த இரண்டாவது வகை மனிதர்களின் வயல்களுக்கு மேல் பறக்கும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது.

அந்தப் பெரியவரைக் கடைத்தெருவில் எப்போதாவது பார்ப்பதுண்டு. “என்னம்மா, இன்னும் கோபமா?” என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார், ஏதோ குற்றம் என் கோபத்தில்தான் இருப்பது போல. ஆமாம், கோபம்தான். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு முதல்முதலாக ஒரு திசையைக் காட்டியது அந்தக் கோபம்தான். அதை விட்டுவிடு என்றால் நான் எங்கே போவேன்?