ஊர் ஊராக அடுக்கிய அட்டைகள்

டொக்டர் அம்மா இரண்டு அட்டைகளுடன் எங்கள் அட்டை அறையில் நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒன்றில் உடுப்பிட்டி, மற்றதில் கொழும்புத்துறை. ஆள் ஒருவர்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆசுபத்திரியில் நோயாளரின் அட்டையைத் தேடிக் கொடுப்பது என் வேலை. அட்டைகள் ஊருக்கு ஒரு தட்டாக றாக்கையில் அடுக்கி இருந்தன. எங்கள் ஆண்களுக்கு ஊர் ஒன்றா? பிறந்தது ஓரிடம், கலியாணம் செய்து போயிருப்பது பெண்சாதியின் ஊர். அந்த மனிதர் முன்பு பிறந்த ஊரைச் சொல்லியிருக்கிறார். பிறகு காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது பெண்சாதி தன் ஊரைச் சொன்னார். அந்த ஊர்த் தட்டில் அவர் அட்டை இல்லை. புது அட்டை போட்டேன். பழையதில் பென்சிலின் கூடாது என்று சிவப்பு மையில் இருந்தது. புதியதில் எப்படி இருக்கும்? ஊசி போட்டார்கள். முகம் வீங்கி, மூச்சு இழுத்து, இரண்டு நாள் சாகக் கிடந்தார். டொக்டர் அம்மா பெண்சாதியிடம் அவர் பிறந்த ஊரை விசாரித்து, தானே வந்து பழையதைத் தேடி எடுத்தார்.

"பிழை உங்களிலை இல்லை அண்ணை, அடுக்கின முறையிலை," என்றார். எனக்கு மனம் ஆறவில்லை.

ஆளுக்கு ஒரு நம்பர், அதை எழுதிய சின்ன அட்டை அவர் கையில், றாக்கையும் நம்பர்ப்படி. இதுதான் அவர் திட்டம். கந்தோரின் தலைமை எழுத்தர், பிரதம இலிகிதரிடம் போனோம்.

"எந்த ஊரிலை எத்தினை நோயாளர் எண்டு மாதம் மாதம் கணக்கு அனுப்ப வேணும், டொக்டர். நம்பரை அனுப்பினா என்னையெல்லோ கேப்பாங்கள்?"

"ஊர் அட்டையிலை இருக்கட்டும். றாக்கையைத்தான் மாத்தச் சொல்லுறன்."

"மேலிடத்துக்கு எழுதிக் கேப்பம்."

"ஆள் சாகப் பார்த்தது, ஐயா," என்றேன்.

"தப்பியிட்டார் தானே. உமக்கேன் உந்த வேலை?"

டொக்டர் அம்மாவே மேலிடத்துக்கு மூன்று தரம் எழுதினார். பதில் இல்லை. பிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றம் வந்துவிட்டது. இப்போது கணினியில் நம்பரைத் தட்டினால் எல்லாம் வருகிறதாம். அவர் அன்று கேட்டதும் அதுதான், வெறும் பேப்பரில்.

அவர் போன பின் ஒவ்வொருவரிடமும் பிறந்த ஊரையும் பெண்சாதியின் ஊரையும் கேட்டேன். "என்ன அண்ணை, கலியாணம் பேசப் போறியளோ?" என்று வரிசையில் சிரிப்பார்கள். சண்டை வந்து, ஷெல் குண்டுகளுக்குப் பயந்து சனம் ஊர் ஊராக ஓடத் தொடங்க, மூன்றாவது ஊர், நான்காவது ஊர் வந்தது. கீரிமலைப் பக்கமிருந்து ஓடிவந்த ஓர் அம்மாவுக்கு அவர் சொன்ன நாலு ஊர்த் தட்டில் தேடியும் அட்டை இல்லை. புதியதை எடுத்து, "ஏதாவது மருந்து ஒத்துவராதோ அம்மா?" என்று கேட்டேன்.

"ஓம், ஒண்டு கூடாதெண்டு சொன்னவை. பேர் எனக்கென்ன தெரியும்? உங்கடை அட்டையிலை எழுதிக் கிடக்குத்தானே, தம்பி."

வரிசை மதில்வரை நின்றது. வெறும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முதல் தட்டிலிருந்து திரும்பவும் பார்க்கத் தொடங்கினேன்.