ரயில் பாட்டில் மாமாவின் இடம்

போன மாதம் எல்ல என்ற மலையூரில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்காரர்கள் வந்து குவியும் கடை. கிட்டாரோடு மூலையில் இருந்த பையன் ஒருவன் ரயில் பாட்டைத் தொடங்கினான். ஒருவன் ஸ்டேஷனில் ஒருத்திக்காகக் காத்திருக்கிறான், ஒவ்வொரு ரயிலாக வந்து போகிறது, அவள் மட்டும் வரவில்லை. அவ்வளவுதான் பாட்டு. கொழும்பில் பதிவாகிக் கேசட்டாக வந்தது, வானொலியில் ஓயாமல் ஒலித்தது. சிங்களத்தில் ஒருவர் பாடினார். தொலைக்காட்சிப் போட்டியில் ஒரு சிறுமி அதைப் பாடி நடுவர்களை அழவைத்தாள். பிறகு யாரோ ஆட்டப் பாட்டாக மாற்றிக் கெடுத்தார்கள். ஆனால் யார் என்ன செய்தாலும் ஒரு இடத்தில் மட்டும் கைவைப்பதில்லை. நடுவில் பாட்டும் கிட்டாரும் நின்றுபோய், ஒற்றைத் தப்பு மேளம் மட்டும் மெதுவாக, விட்டுவிட்டு ஒலிக்கும். ரயில் புறப்பட்டுப் போகிற சத்தம் என்பார்கள். எல்லப் பையனும் அந்த இடம் வந்ததும் கிட்டாரின் பலகையில் விரலால் அதை அப்படியே தட்டினான். வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

அந்தத் தப்பை முதன்முதலில் அடித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. சின்ன வயதில் நான் அதை நம்பவில்லை.

சந்தேகம் என் கூடப் பிறந்தது. கோயிலில் சுண்டல் கொடுத்தால் எனக்கு முன்னால் நிற்பவளுக்குத்தான் அதிகம் விழுந்தது என்று நினைப்பேன். டீச்சர் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். அப்படிப்பட்டவளிடம் மாமாவின் கதை மாட்டியது. மாமா ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தேயிலை ஆலையில் வேலை செய்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடுதான் அவருடையது. அத்தை புள்ளக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அத்தையின் செல்லம் முழுவதும் எனக்குத்தான். எனக்குத் தலை பின்னிவிடுவதும், பேன் பார்ப்பதும், அம்மா அடிக்க வந்தால் குறுக்கே நிற்பதும் அத்தைதான்.

வாலிபத்தில் மாமா காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பதைப் பார்த்த பதுளை நகரத்துப் பையன்கள், தங்கள் பாட்டுக் குழுவுக்கு அவரைக் கூட்டிப்போனார்களாம். அப்படித்தான் கொழும்புக்குப் போய் ரயில் பாட்டுக்கு வாசித்தாராம். பள்ளிக்கூடத்தில் இதை ஊரெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் கேசட் அட்டையைப் பார்த்தேன். அதில் இருந்த படத்தில் மாமாவைக் காணோம்.

"நெசமாவே நீங்கதான் அடிச்சீங்களா மாமா?"

"ஆமா புள்ள."

"அப்ப ஏன் போட்டோவுல நீங்க இல்ல?"

"போட்டோ புடிக்கையில நான் ஊருக்கு வந்துட்டேன்" என்றார். கொழும்புக்குப் போன மனிதன் படம் எடுக்கும்முன் எதற்காக ஓடிவர வேண்டும்? எனக்கு உறுத்தியது.

உறுத்தத் தொடங்கிய பிறகு எல்லாமே கண்ணில் பட்டன. வானொலியில் அந்தப் பாட்டு வந்தால் மாமா தலைவலி என்று சொல்லி அதை நிறுத்துவார். எங்கள் தோட்டத்துக் கல்யாணங்களில் மட்டும் அந்தப் பாட்டைப் போட விடமாட்டார்கள். ஒரு கல்யாணத்தில் பதுளையிலிருந்து வந்த சவுண்ட் செட் பையன் தெரியாமல் போட்டுவிட்டான். தப்பு ஒலிக்கும் இடம் வந்ததும் தோட்டத் தலைவரே ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். பெண்கள் அத்தையைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்ததும், மழை வருமா வராதா என்று பேசத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் எனக்கு உண்மை விளங்கியது, அதாவது விளங்கியதாக நினைத்தேன். ஸ்டேஷனுக்கு வராத அந்த ஒருத்தி கற்பனை இல்லை. அத்தைக்கு முன்னால் மாமாவுக்கு இன்னொருத்தி இருந்திருக்கிறாள். தோட்டத்துக்கே தெரிந்த விஷயம், எனக்கு மட்டும் மறைக்கிறார்கள்.

இந்த எண்ணம் உறுதியானது ஒரு அரைநாள் பள்ளிக்கூடத்தன்று. வெள்ளனவே வீட்டுக்கு வந்து அத்தையைத் தேடிப் போனேன். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே அத்தை தரையில் உட்கார்ந்து, கேசட் ரேடியோவில் காதை ஒட்டிவைத்து, சத்தத்தைக் குறைத்து ரயில் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டையல்ல, அந்த நடு இடத்தை மட்டும். அது முடிந்ததும் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். அந்த இடத்தில் நாடா தேய்ந்து கரகரத்தது.

என்னைக் கண்டதும் பட்டென்று நிறுத்தினாள். "மாமாகிட்ட சொல்லிறாத, என்னா?" என்றாள்.

சொல்லவில்லை. பாவம், அத்தையும் துப்புத் துலக்குகிறாள் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணைப் பற்றிய ஏதோ தடயம் அந்தச் சத்தத்தில் இருக்கிறது. அது கிடைத்துவிட்டால் அத்தை பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விடுவாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து, அத்தையின் தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சட்டையையே கழற்றுவேன்.

அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு, ரயில் பாட்டை முதலில் பாடியவரும் கனடாவில் குடியேறியிருந்தவருமான பாடகர் வந்தார். எங்கள் கோயில் கமிட்டிக்குத் தலைகால் புரியவில்லை. சாமி ஊர்வலம் முடிந்த பின்னேரம், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் மேடை போட்டார்கள். கறுப்புக் கண்ணாடியும் மினுங்கும் கோட்டுமாக நின்ற பாடகர், இரண்டு மூன்று பாட்டுக்குப் பிறகு, "இப்ப உங்க எல்லாருக்கும் புடிச்ச பாட்டு" என்றார். கூட்டம் கைதட்டவில்லை. தலைவர் மேடையோரம் போய், "அது வேணாங்க ஐயா, சாமி காரியம் நடக்குற எடம். வேற ஏதாச்சும் பாடுங்க" என்று கெஞ்சினார். பாடகர் நகரத்தில் வளர்ந்தவர், அதன் பொருள் அவருக்குப் புரியவில்லை. கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே மைக்கில் சொன்னார்.

"இந்தப் பாட்டுல தப்பு வாசிச்சவரு உங்க தோட்டத்து ஆளுதான். மேல வாங்கண்ணே."

மாமா பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் என் மானம் பிழைத்தது. அதே நேரம், இந்த ஆள் வாயைத் திறந்து அந்த ஒருத்தியின் பெயரைச் சொல்லிவிட்டால் அத்தை என்ன ஆவாள் என்ற பயமும் வந்தது. அத்தை எனக்குப் பின்னால் நின்று என் தோளில் கைவைத்திருந்தாள். யாரோ ஒருவர் நெருப்பில் காய்ச்சிய தப்பை மாமாவின் கையில் கொடுத்தார். மாமா மேடை ஏறினார், தப்பைத் தோளில் மாட்டினார், குச்சியைப் பிடித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

பாட்டு போய்க்கொண்டிருந்தது. அந்த இடம் வந்தது. பாடகர் கண்ணை மூடிக்கொண்டார், கிட்டார் நின்றது. மாமா அடிக்கவில்லை. குச்சியைத் தோலின் மேல் சாய்த்து வைத்தபடி நின்றார். பாடகர் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார். என் தோளில் அத்தையின் விரல் மெதுவாக, விட்டுவிட்டுத் தட்டியது. ஆத்திரத்தில் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். அந்த விரல் நின்றபோது மாமா கிட்டார்க்காரரைப் பார்த்துத் தலையசைத்தார், பாட்டு தொடர்ந்தது.

என் கல்யாணத்துக்கு முந்தைய வாரம்தான் அத்தை சொன்னாள். மாமா அப்போது உயிரோடு இல்லை. தோட்டத்துப் பழைய வழக்கமெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று, ரயில் பாட்டையும் வாசிக்கச் சொல்லி பேண்டுக்காரர்களிடம் சொல்லியிருந்தேன்.

"அது சாவு வீட்டுத் தப்பு புள்ள" என்றாள் அத்தை. "கேட்டா பெரியவங்களுக்கெல்லாம் தெரியும். ஒங்களுக்குத்தான் ரயிலு மாதிரி கேக்குது."

பிறகு நான் கேட்காமலே சொன்னாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. மாமா கொழும்பில் இருந்தபோது காய்ச்சல் வந்து பதுளை ஆஸ்பத்திரியில் இறந்துபோனது. பாட்டுப் பதிவாகிற இடத்துக்குக் காலையில் செய்தி போயிருக்கிறது. ஊருக்கு ரயில் இராத்திரிதான், அதுவரை அவர் அங்கேயே இருந்து வாசித்திருக்கிறார்.

"பச்சப் புள்ள செத்தா தப்பு அடிக்க மாட்டாங்க. சத்தமில்லாம கொண்டுபோய்ப் பொதச்சிட்டு வந்துட்டாங்க. நான் லயத்துல ஒக்காந்து, எம்புள்ளைக்கு ஒரு தப்புச் சத்தங்கூட இல்லையேன்னு அழுதேன். பொறகு கேசட்டு வந்துச்சு. கேட்டதும் எனக்குத் தெரிஞ்சிருச்சு, அவரு அங்க அடிச்சிட்டாருன்னு. நான் கேக்கவுமில்ல, அவரு சொல்லவுமில்ல."

அத்தையின் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அந்தப் பாட்டு வேண்டாமென்று பேண்டுக்காரர்களுக்கு அன்றே ஆள் அனுப்பினேன்.

ஆனால் திருவிழா முடிந்து வீடு திரும்பிய அந்தப் பொழுதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. மாமா முன்னால் நடந்தார். நான் ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். ஊருக்கு முன்னால் என் மானத்தை வாங்கியவரை அப்படியே விட எனக்கு மனமில்லை.

"ஏன் மாமா அடிக்கல? மறந்துட்டீங்களா?"

"ஆமா புள்ள, மறந்துட்டேன்" என்றார்.

எப்போதும் மாமாவுக்குப் பின்னால் தள்ளி வரும் அத்தை, அன்றைக்கு எட்டி நடந்து அவர் பக்கத்தில் வந்தாள். ஆட்கள் பார்க்கிற ரோட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. மாமாவுக்குத் தப்பு அடிக்கவே தெரியாது, அந்தப் பாடகர் வேறு யாரையோ நினைத்து அவரைக் கூப்பிட்டிருக்கிறார். ஆகவே இன்னொருத்தியும் இல்லை, எல்லாம் மாமா விட்ட கதை. அத்தை அவரை மன்னித்துவிட்டாள், இனி எங்கும் போகமாட்டாள். வீட்டுக்குப் போனதும் வயிறு முட்டச் சாப்பிட்டேன்.