நாய் மோசம் போனால்

எங்கள் பேச்சில் மனிதர்கள் இறந்தால் மோசம் போவார்கள். நாய் செத்துப்போகும். காரியம் ஒன்றுதான். ஆனால் வார்த்தையை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குப் போன ஒக்டோபரில்தான் தெரிந்தது.

அன்று காலை, பன்னிரண்டு வருடம் எங்களோடு இருந்த நாய் என் மடியில் தலையை வைத்தபடி உயிரை விட்டார். விட்டார் என்றுதான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் இத்தோடு வாசிப்பதை நிறுத்தலாம்.

கந்தோருக்கு லீவு கேட்டு போன் எடுத்தேன். "எங்கட வீட்டில ஆள் மோசம் போயிட்டார்" என்று சொல்லிவிட்டு அழுதேன். பொய் சொல்ல நினைக்கவில்லை, வாயில் அதுதான் வந்தது. வீட்டில் இருப்பது நானும் அண்ணனும் மட்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மதியத்துக்கு முன்பே என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள் வெள்ளை உடுத்து, மலர்வளையத்தோடு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டார்கள். கதவைத் திறந்தது அண்ணன். சாரமும் பெனியனுமாக நின்ற அவரைக் கண்டதும் ஒருத்தி வீலென்று கத்தியே விட்டாள்.

உள்ளே வந்து, வெள்ளைத் துணியில் கிடந்தவரைப் பார்த்தும் அவர்கள் சிரிக்கவில்லை. அதை நான் மறக்க மாட்டேன். இருவரில் இந்துவான ஜிந்துப்பிட்டிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதீங்க அக்கா, அடுத்த பிறவியில மனுசனாப் பிறப்பார்" என்றாள்.

"அவருக்கு ஏன் அந்தத் தண்டனை?" என்றேன்.

மற்றவள், தெமட்டகொடையிலிருந்து வந்த முஸ்லிம் தோழி, மறுமை நாளில் மிருகங்களையும் எழுப்பி, கொம்புள்ள ஆட்டிடம் முட்டுப்பட்ட கொம்பில்லாத ஆட்டுக்குக்கூட நியாயம் வழங்கப்படும் என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு என்ன நடக்கும் என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பொறகு மண்ணாயிடும் அக்கா" என்றாள். பின்பக்கத்துச் செவ்வரத்தைச் செடியின் கீழே அவரைப் புதைத்து, மேலே மலர்வளையத்தை வைத்தோம்.

இவர்களுடைய சமயங்கள் என்ன சொன்னாலும் எனக்குப் பரவாயில்லை. என்னுடைய கோயில் என்ன சொல்லும் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. கத்தோலிக்கரான எங்களுக்கு நவம்பர், இறந்தவர்களின் மாதம். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் இறந்தவர்களின் பேர்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், ஞாயிறு பூசையில் வாசித்து, மோட்சத்துக்கு முன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்திருக்கும் அந்த ஆத்துமாக்களுக்காக மன்றாடுவார்கள். நான் மூன்று பேர் எழுதினேன். அப்பா, அம்மா, அவர்.

பாதர் மூன்றாவது பேரில் நின்றார். வீடு மந்திரிக்க வந்தபோது அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியவரை அவர் எப்படி மறப்பார்?

"இது உங்கட நாயெல்லோ?"

"ஓம் பாதர்."

"மிருகங்களுக்கு அழியாத ஆத்துமா இல்லை. உங்களுக்குத் தெரியாததே?" என்று சொல்லிக்கொண்டே பேரை வெட்டினார்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "அதில முதலாவதா இருக்கிறவர் குடிச்சிட்டு வந்து அம்மாட தலையைச் சுவரோட அடிச்சவர். அவருக்கு ஆத்துமா இருக்கோ எண்டு ஒரு வருசமும் ஆரும் கேக்கேல்லை. நீங்க வெட்டினவர், அம்மா படுக்கையில கிடந்த எட்டு மாசமும் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தவர்" என்றேன்.

"உங்கட கவலை விளங்குது" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த வீட்டாரின் தாளை எடுத்தார்.

அப்பாவுக்கு மோட்சம் கிடைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கிடைக்கட்டும். அந்த வாசல் அவருக்குத் திறக்குமென்றால் இவருக்கு மட்டும் ஏன் பூட்டு என்றுதான் கேட்டேன். இன்றைக்கும் அதைத்தான் கேட்கிறேன்.

ஞாயிறு பூசையில் ஒவ்வொரு வீட்டுப் பேர்களும் வாசித்து முடிய, சபை மன்றாடியது. எங்கள் முறை வந்தது. அப்பாவின் பேரை வாசித்தார்கள், அம்மாவின் பேரை வாசித்தார்கள். வாசித்தவர் மூச்செடுத்த இடைவெளியில் நான் எழுந்து நின்று, மூன்றாவது பேரைச் சத்தமாகச் சொன்னேன். அண்ணன் என் சேலையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

"நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே" என்று பழக்கத்தில் கோயில் முழுவதும் பதில் சொன்னது. மைக்கில் பாதரின் குரலும் அதோடு சேர்ந்து கேட்டது.