பொட்டு வைத்த ரயில்

நாங்கள் இருக்கும் நோர்பரியிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் எனக்கு அன்று நல்ல நாள். அதனால்தானோ என்னவோ, என் பட அல்பத்தில் ஓடும் ரயில்கள் மேல் அவ்வளவு பிரியம். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து ரயில் கம்பனிகள் அந்தக் காலத்தில் பயணிகளை இழுப்பதற்காக அச்சடித்த தபாலட்டைகள் அவை. பனிமலை, செம்மண் பள்ளத்தாக்கு, தோடம்பழத் தோட்டம் என்று எதற்குள்ளும் ஒரு ரயில் புகை கக்கிக்கொண்டு போகும். வானத்துக்கு அச்சுக்காரன் கை கூசாமல் ரோஸ் நிறம் பூசியிருப்பான். நின்றுகொண்டு பயணம் செய்பவர் ஒருவரையும் காணவில்லை.

அந்த மலைகளுக்குள்ளால் இன்றைக்கும் ரயில் ஓடுகிறது. ஒருமுறையாவது அதில் போகவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கேட்கும்போதெல்லாம் என் கணவரிடமிருந்து ஒரே பதில்தான்.

"இஞ்சத்தைய குளிர் காணாதெண்டு அங்கயும் போய் விறைக்கிறதோ? படம் கிடக்குத்தானே, இருந்து பாரும்."

பார்த்தேன். வாங்கி வாங்கிப் பார்த்தேன். போக முடியாத கோபத்தைத்தான் அல்பம் அல்பமாக அடுக்கினேன்.

அதில் ஒரே ஒரு இடம் காலியாகக் கிடந்தது. பள்ளத்தாக்கு அட்டைத் தொடரில் பாலத்துக் காட்சி மட்டும் என்னிடம் இல்லை. தேவாலய மண்டபத்தில் நடக்கும் அட்டைச் சந்தையில் ஒரு வெள்ளைக்கார வியாபாரியிடம் அது இருந்தது. காசுக்குத் தரமாட்டாராம். இஞ்சின் நேரே நம்மைப் பார்த்து வரும் பனிமலை அட்டை ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கொடுத்தால் மாற்றலாம், ஆனால் ஒரு கீறல்கூட இருக்கக்கூடாது என்றார். அடுத்த சந்தைக்கு முந்தின நாள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாப்பாட்டு மேசையில் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அன்று ஆயுத பூசை. எங்கள் வீட்டில் அதற்கு என் கணவர்தான் ஐயர். கார், புல்லு வெட்டும் மெஷின், ரைஸ் குக்கர், என் லப்டொப் எதுவும் அவருடைய சந்தனத்துக்குத் தப்பாது. புதுக் கார் என்றால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்த பிறகுதான் காலை உள்ளே வைப்பார்.

மறுநாள் சந்தையில் அட்டையைப் பெருமையோடு உருவி எடுத்தேன். இஞ்சினின் நெற்றியில் வட்டமாகச் சந்தனம், அதற்கு நடுவில் குங்குமம். உறையைக் கழற்றி, பொட்டு வைத்து, காய்ந்த பிறகு பக்குவமாகத் திரும்பப் போட்டிருக்கிறார் மனுசன்! வியாபாரி லென்ஸ் பிடித்துப் பார்த்தார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கறை கறைதான் என்று பண்பாகச் சொல்லிவிட்டுப் பாலத்தைப் பெட்டிக்குள் வைத்தார்.

வீடு வரும்வரை எனக்குள் கொதித்தது. அவர் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கென்ன மண்டை கழண்டு போச்சோ? படத்துக்கு ஆரும் பொட்டு வைப்பினமோ?"

"அது வாகனமெல்லோ."

"அது கடதாசி!"

"நாங்கள் ஏறப் போற வாகனம். பொட்டு வைக்காமல் என்னெண்டு ஏறுறது?"

எனக்கு விளங்கவில்லை. அவர் சாரத்தில் கையைத் துடைத்துவிட்டுப் போனை நீட்டினார். மகளைக் கொண்டு டிக்கெட் போடுவித்திருக்கிறார். அதே மலைகளுக்குள்ளால் போகும் ரயில். இரண்டு பேருடைய பெயரும் இருந்தது.

"உம்மட பிறந்தநாளுக்குச் சொல்லுவம் எண்டு இருந்தனான்," என்றார்.

மேல்கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிட்டேன். சந்தோசத்தில் அழுகை வந்தது. பாலம் கைவிட்டுப் போன கோபமும் போகவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே மூக்கைச் சிந்தினேன். அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். பிறகு, பகிடி இல்லாமல் கேட்டார்:

"இஞ்சரும், பிளேனில தேசிக்காய் கொண்டுபோக விடுவினமோ?"