சார் அட்டைக்குப் பயந்து போனது

என் முதுகெலும்பு தேய்ந்திருப்பதாக டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அப்படி ஒன்று எனக்கு இருந்ததற்கே அதுதான் முதல் ஆதாரம் என்பதால் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அது இல்லாமலே சௌக்கியமாக வாழ்கிற உயிர்கள்தான் உலகில் அதிகம் என்று எனக்குச் சொன்னவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்த யாழ்ப்பாணத்து வாத்தியார்.

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். ஒரே அறையில் ஐந்து வகுப்புகள். அவருக்கு முன்பு வந்தவர்கள் எல்லாரும் குளிரையும் மழையையும் ரத்தம் உறிஞ்சும் அட்டையையும் பார்த்துவிட்டு, பெட்டியை முழுதாகப் பிரிக்காமலே ஊர் திரும்பியவர்கள். வாத்தியார் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு; எனக்குத் தோட்டத்தில் புல்லுவெட்டு வேலை. "இந்த சாராவது தங்கணும் சாமி" என்று முணுமுணுத்தபடிதான் அம்மா கொழுந்து பறிக்கப் போவாள்.

சாரோ நாற்காலியில் இரண்டு கால்களையும் மடித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். வெயில் ஊர்க்காரர், அட்டையைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்தவர். எனக்கு நிலைகொள்ளவில்லை. இடைவேளை விட்டதும் ஓடிப்போய் அவர் அறை ஜன்னலை எட்டி, பெட்டி கட்டியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

ஒருநாள், "முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொண்டு வாங்கோ பிள்ளையள், வகை பிரிப்பம்" என்றார்.

மறுநாள் பெஞ்சு முழுவதும் பூச்சி புழு அடைத்த தகரமும் தேங்காய்ச் சிரட்டையும். ஆறு கால் உள்ளவை பூச்சிகள் என்று ஓர் ஓரமாக ஒதுக்கினார். அங்கே போய் உட்கார்ந்த எட்டுக்கால் பூச்சியைத் தூக்கி வெளியே வைத்தார், பெயரில்தான் பூச்சியாம். தேயிலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே தின்கிற புழு, புழுவே இல்லையாம், வளர்ந்தால் அந்துப்பூச்சியாம். ரயில்பூச்சியின் கால்களை எண்ணப் பொறுமை போதாமல் அதைத் தனியே விட்டார். நத்தை மெல்லுடலி. மண்புழு மட்டும் உடம்பெல்லாம் வளையமாக மிஞ்சியது.

"அட்டையும் உந்தக் குடும்பந்தான்" என்றார்.

வகுப்பே சிரித்தது. "மண்புழு சாதுங்க சார். அட்டை ரத்தம் குடிக்குது. ரெண்டும் எப்பிடிங்க ஒரே குடும்பம்?" என்றான் கடைசிப் பெஞ்சுக்காரன்.

"உன்ரை வீட்டிலை எல்லாரும் ஒரே குணமோ?"

"இல்லீங்க சார். சித்தப்பா மட்டுந்தான் குடிப்பாரு."

என் முறை வந்தது. குதிகாலையே இரையாகக் காட்டிப் பிடித்த அட்டையை மைப்போத்தலில் போட்டு, வாயில் துணி கட்டிக் கொண்டுவந்திருந்தேன். போத்தலுக்குள் வைத்துக் கிட்டத்தில் பார்த்தால் சாருக்குப் பயம் தெளிந்துவிடும் என்பது என் திட்டம். திட்டத்தில் ஒரே ஒரு குறை. போத்தல் காலியாக இருந்தது.

"சார், இதுல அட்டை இருந்துச்சுங்க."

"இருந்ததோ?"

எல்லாரும் பெஞ்சின் மேல் ஏறினோம். சார் மேசை மேல் ஏறினார். அங்கிருந்தும் பாடத்தை விடவில்லை. "முன்னுக்கு ஒரு உறிஞ்சி, பின்னுக்கு ஒரு உறிஞ்சி... ஒருத்தரும் அசையாதேங்கோ" என்றபடி மேசையின் நடுவுக்கு நகர்ந்தார். அப்போதுதான் நான் பார்த்தேன். மண்புழுவைக் காட்டக் குனிந்தபோது அட்டை ஏறியிருக்க வேண்டும். அவருடைய வலது மணிக்கட்டில் திராட்சைப் பழம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், உங்க கையில..."

அவர் பார்த்தார். நாங்கள் அலறலுக்காகக் காத்திருந்தோம். அட்டை கழன்று விழத் தேய்க்கும் சவுக்காரக் கட்டியை எடுக்க யாரோ ஓடினார்கள்.

"நில்லுங்கோ!" கையை மூக்குக்கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார். "வளையம் தெரியுது பிள்ளை! படத்திலை கீறினது போலவே கிடக்கு!"

வயிறு நிறைந்த அட்டை தானாகவே மேசையில் விழுந்தது. ரத்தம் நிற்காமல் வடிய வடிய, "இவ்வளவுதானோ?" என்று சிரித்தார். இறங்கி, வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தரையில் கால் ஊன்றி நாற்காலியில் உட்கார்ந்தார். "இனி நான் ஒரு இடமும் போகமாட்டன்."

அன்று மாலை அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள். புகழ் சாமிக்குப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

கொஞ்ச நாள்தான். கொழும்புப் பக்கம் கலவரம் மூண்டது, தமிழர்களைத் தேடித் தேடி அடித்தார்கள் என்பதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டவை. அப்போது எனக்குத் தெரிந்தது, பெரியவர்கள் தணிந்த குரலில் பேசினார்கள், நாங்கள் போனால் பேச்சை நிறுத்தினார்கள் என்பது மட்டுமே. ஒருநாள் காலை பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஜன்னலில் எட்டினேன். பெட்டி இல்லை.

"சார் ஊருக்குப் போயிட்டாரு. நாந்தான் லொறியில ஏத்திவிட்டேன்" என்றார் அப்பா.

"ஏம்ப்பா?"

"அட்டைக்குப் பயந்துகிட்டு."

"பயம் போயிருச்சின்னாரே!"

அப்பா வேறு பக்கம் பார்த்தார். "அப்பிடித்தான் சொல்லச் சொன்னாரு."

எனக்கு வந்த கோபம் சாதாரணமல்ல. அடுப்படியிலிருந்து உப்பைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு, எங்கள் வரிசை வீடுகளான லயத்தின் சாக்கடைக் கான் ஓரமாக அகப்பட்ட அட்டை மேலெல்லாம் தூவிக்கொண்டே போனேன். ஒரு சிட்டிகை சிந்தினாலும் குட்டுகிற அம்மா, அன்று உப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. "லயத்தைத் தாண்டிப் போகாத" என்று மட்டும் சொன்னாள். என் போரின் நியாயம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே அப்பா கதவைச் சாத்தித் தாழ் போட்டார். தேயிலைச் செடியைக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி, எட்டினால் எடுக்கிற தூரத்தில் கதவோரம் சாய்த்து வைத்தார். அட்டைக்கு இவ்வளவு பெரிய கத்தி தேவையில்லை, உப்பே போதும் என்று நான் அவருக்கு விளக்கிச் சொன்னேன்.

அப்பா கத்தியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்து வைத்தார்.

"சரி தாயி. உப்பையும் பக்கத்துலயே வையி" என்றார்.